உப்பு எங்கும் போகவில்லை, டீச்சர்

டீச்சர்,

இன்று ஐந்தாம் வகுப்பில் சர்க்கரையைக் கருக்கினேன். நீங்கள் விட்டுப்போன அதே நீளக் காம்புக் கரண்டிதான். சர்க்கரை இளகி, நுரைத்து, பழுப்பாகி, கடைசியில் கரியாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கருகல் வாசனை இன்னும் என் புடவையில் இருக்கிறது. உருகி உருகி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் செத்துப் பத்து மாதமாகியும் உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

ஒரே பள்ளியில், ஒரே வகுப்பறையில் ஒன்பது வருடம் சேர்ந்து பாடம் நடத்தினோம். சோதனை செய்து காட்டுவது நீங்கள், கரும்பலகையில் எழுதுவது நான். "திரும்பி வந்தா இயற்பியல் மாற்றம், வராட்டி வேதியியல் மாற்றம்" என்று பிள்ளைகளை ராகம் போட்டுச் சொல்ல வைப்பீர்கள். ஒருநாள் நான் ஒரு தாளைக் கிழித்து உங்களிடம் நீட்டினேன். "இது திரும்பி ஒட்டுமாங்க டீச்சர்? ஆனா கிழிஞ்சாலும் காகிதந்தானே?" பிள்ளைகள் எதிரிலேயே கேட்டுவிட்டேன். நீங்கள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "அட, ஆமாங்க டீச்சர்! இத்தன வருசமா தப்பா சொல்லிக்கினு இருந்திருக்கேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பல்லின் கறை தெரியக் கூடாதென்று எப்போதும் பொத்திக்கொண்டுதான் சிரிப்பீர்கள். பழைய வாக்கியத்தை அழித்துவிட்டு, 'புதுப் பொருள் உண்டானதா?' என்று நீங்களே எழுதினீர்கள். கிழித்தால் காகிதம், எரித்தால் சாம்பல். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் அந்தக் கேள்வியில் தடுமாறவில்லை.

அப்புறம் அந்தக் காய்ச்சல் மாதம் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. உங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவைத் தூக்கிவந்து, சத்துணவு சமைக்கும் அக்காவைக் குடிதண்ணீர் காய்ச்ச வைத்தீர்கள். பள்ளிக்குப் பின்னால் ஆழ்துளை போட்டு வைத்த அடிபம்பின் போர்த் தண்ணீர். "காச்சுனா எல்லாம் போயிரும்" என்று பெற்றோர் கூட்டத்தில் அடித்துச் சொன்னீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடிக்கக் கூடாதென்று அதிகாரிகள் அந்த பம்புக்குச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போனது கிருமிக்காகவா? புளோரைடுக்காக. உங்கள் பல்லைப் பழுப்பாக்கியது, உங்கள் மகள் பல்லைப் பழுப்பாக்கியது, ஊரில் நாற்பது வயதிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்தது எல்லாம் அதுதான். நீங்கள் சொன்ன 'எல்லாம்' என்பதில் ஊரே அதையும் சேர்த்துக்கொண்டது. ஊர் முனைத் தொட்டிக்கு ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகும் பலர் குடத்தைத் தூக்கவில்லை. கேட்டால், "அதான் டீச்சரம்மா காச்சிக் குடிக்கச் சொல்லிருக்காங்களே" என்பார்கள்.

மூன்று வருடம் இப்படியே போனது. ஒருநாள் நீங்கள் தட்டில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் வற்றி, தட்டில் வெள்ளையாக உப்பு நின்றது. "பாருங்க கண்ணுங்களா, தண்ணி மட்டுந்தான் ஆவியாப் போச்சு. உப்பு எங்கியும் போகல. புதுப் பொருள் வந்துச்சா? வர்ல. அப்ப கரைஞ்சது என்ன மாற்றம்?" பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. தட்டைப் பார்த்தேன், அண்டாவைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடமாக அதே இடத்தில் நின்று இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த முட்டாள் நான்.

மதியம் சாப்பிடும்போது உங்களிடம் சொன்னேன். உப்பு போகாதென்றால் புளோரைடும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகத்தான் ஆகும் என்று. நீங்கள் டிபன் பாக்ஸை மூடினீர்கள்.

"நான் மூணு வருசமா புள்ளைங்களுக்கு வெசத்தக் காச்சி ஊத்தனேன்னு சொல்றீங்களா?"

"அப்பிடிச் சொல்லலீங்க டீச்சர். இனிமே ஆத்துத் தண்ணியக் காச்சலாம். கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லிருங்க, போதும்."

"எங்க வூட்லயும் அதுதாங்க. எம் பொண்ணுக்கும் அதத்தான் குடுக்கறேன்" என்று எழுந்து போனீர்கள். அன்றோடு பேச்சு நின்றது.

நான் சொன்னது உங்களுக்குப் புரியவில்லை என்றிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. புரிந்தது. அடுத்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது நீங்கள் தட்டையே எடுக்கவில்லை. "புக்ல இருக்குது, படிச்சுக்கங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஜன்னலை மூடினீர்கள். அண்டா மட்டும் நிற்கவில்லை. கிழிந்த தாளுக்குச் சிரித்துக்கொண்டே தப்பை ஒத்துக்கொண்டவருக்கு இதில் மட்டும் என்ன வீம்பு? நாலு பேர் எதிரில் "தப்பா சொல்லிட்டேன்" என்றால் தலையா போய்விடும்? நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. தலைமையாசிரியரிடம் போயிருக்கலாம். உங்களைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமே என்று ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நம் இரண்டு பேர் மரியாதைக்காகப் பிள்ளைகள் அதைக் குடித்தார்கள்.

பிறகு ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். தர்மபுரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சொல்ல வேண்டியதை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். அடுத்த கூட்டத்தில் நான் சொன்னேன். எனக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட உங்கள் படம். ஒரு அம்மா எழுந்து, "செத்தவங்க எந்திரிச்சு வந்து பதில் சொல்ல மாட்டாங்கன்னு பேசறீங்களா டீச்சர்?" என்றார். யாரும் அவரை அடக்கவில்லை. பள்ளியில் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றிவிட்டோம். வீடுகளில் மாற்ற முடியவில்லை. உங்கள் வீட்டிலேயே முடியவில்லை. உங்கள் மகள் காலையில் தானே எழுந்து போர்த் தண்ணீரைக் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வருகிறாள். உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்கம்மா சொன்னதுன்னு ஒரே புடிவாதமா இருக்குதுங்க. அழுவுது. நானும் விட்டுட்டேன்" என்றார்.

அதற்காகத்தான் இன்று சர்க்கரையோடு நிறுத்தாமல் உப்பையும் காய்ச்சினேன். உப்பு வெள்ளையாகத் தட்டில் நின்றபோது எல்லாப் பிள்ளைகளும் பதிலைக் கத்தினார்கள். இரண்டாவது வரிசையில் உங்கள் மகள் மட்டும் கத்தவில்லை. மணி அடித்ததும் பாட்டிலோடு என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், அப்ப எங்கம்மா காச்சுனதுலயும் போகலீங்களா?"

"போகலம்மா."

"அம்மா தப்பா சொல்லிட்டாங்களா?"

"ஆமா, தப்பாத்தான் சொன்னாங்க. நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கினுதான் இருந்தேன்."

பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடினாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"போகாதுன்னு அம்மாவுக்குத் தெரியுங்களா?"

பத்து மாதக் கோபமும் தொண்டைக்கு வந்தது, டீச்சர். மூடிய டிபன் பாக்ஸ், மூடிய ஜன்னல் எல்லாம். 'தெரியும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆறியிருக்கும்.

"தெரியாதும்மா" என்றேன். "அவங்களுக்கு யாரும் சொல்லல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க கூடத்தான இருந்தீங்க? நீங்க ஏன் சொல்லல?"

பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் வெளியே நடந்தாள். வாசற்படியில் நின்று பாட்டிலைக் கவிழ்த்து ஒரு சொட்டு விடாமல் கொட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள், அவள் சொல்லவில்லை. இனி என்னோடு பேசுவாளா என்று தெரியவில்லை.

சரி, போகட்டும். அவளுக்கு நீங்கள் தெரியாமல் செய்தவராகவே இருங்கள். தெரிந்தும் சொல்லாதவளாக நான் இருந்துகொள்கிறேன். ஆனால் உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள், டீச்சர்.