தனியாக வாழ்ந்தாராம்

டீச்சர்,

உங்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் முந்தாநாள் தபாலில் வந்தது. வழவழப்பான தாள், கலர் அட்டை, காயாத மையின் வாடை. அந்த வாடை பட்டதும் வழக்கம்போலச் சந்தோஷமாகத்தான் பிரித்தேன். நாற்பது வருஷம் அச்சகத்தில் கிடந்த மூக்கு அப்படி. நடுப்பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி நீங்கள் இருந்தீர்கள். ஓய்வுபெற்ற நாளில் எடுத்த படம், தலையில் முக்காடு, கையில் யாரோ திணித்த பூங்கொத்து. கீழே பத்து வரி. கண்டிப்பானவர், அன்பானவர், வகுப்புக்கு ஒரு நாளும் தாமதமாக வராதவர். எல்லாம் சரிதான். எட்டாவது வரியில் வந்தது: "திருமணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை தனியாக வாழ்ந்தார்."

தனியாக வாழ்ந்தாராம். அப்படியானால் இருபத்தெட்டு வருஷம் அந்த வீட்டில் உங்களுக்கு ரசம் வைத்தது யார்? குளிர்காலத்தில் உங்கள் முட்டிக்குத் தைலம் தேய்த்தது யார்? நோன்பு நாட்களில் விடியுமுன் உங்களை எழுப்பிச் சாப்பிட வைத்துவிட்டு, தானும் பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்த பைத்தியக்காரி யார்? சிவப்புப் பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்தேன். அழுத்தியதில் தாள் கிழிந்து அடுத்த பக்கத்துத் தாளாளர் முகத்திலும் கோடு விழுந்துவிட்டது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் உங்களையும் சேர்த்துத் திட்டிவிடுவேன் என்று பயமாக இருந்தது. இப்போது அந்தப் பயம் இல்லை. திட்டத்தான் போகிறேன், என்னையும் சேர்த்து.

முதல்முதலாக நீங்கள் எங்கள் அச்சகத்துக்கு வந்ததும் ஒரு பள்ளி விழா அழைப்பிதழுக்காகத்தான். விழிதியூரிலிருந்து தினம் பஸ் பிடித்து வந்து, கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்த முப்பத்து மூன்று வயதுக்காரி நான். வரன் அமையாதவள் என்று வீட்டில் கைகழுவி விட்டிருந்தார்கள். மேசையில் கிடந்த பத்திரிகைக் குவியலைப் பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் எத்தனை கல்யாணத்துக்குத் திருத்தம் போட்டிருப்பீங்க?" என்று கேட்டீர்கள். எண்ணியதில்லை என்றேன். "ஒண்ணுலயாவது பொறாம வந்துருக்கா?" என்றீர்கள். முன்பின் தெரியாதவளிடம் கேட்கிற கேள்வியா அது? நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றீர்கள். உங்கள் கெட்ட பழக்கங்களில் அது முதலாவது.

அடுத்த வருஷம் உங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தேன். குடித்தனக்காரி என்பது ஊருக்குச் சொன்ன பெயர். தெருவே உங்களை டீச்சர் என்றது, நானும் கடைசிவரை அப்படியே கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஓய்வுபெற்ற மறு மாதமே பதிப்பகம் தொடங்க வேண்டும் என்று நின்றீர்கள். வயதானவர்களுக்கான புத்தகங்கள், பெரிய எழுத்தில். "வயசாயிட்டா சாமி கதையும் சர்க்கரை வியாதியும் போதும்னு யாரு முடிவு பண்ணுனா?" என்று அதற்கும் ஒரு கோபம். முன்பு சந்தைக் கடைகளில் விற்ற கதைப் புத்தகம் மாதிரி கொட்டை கொட்டையான எழுத்து, மடியில் வைத்துப் படிக்கக் கனமில்லாத தாள். கீழ் அறைதான் அலுவலகம். நீங்கள் எழுத்தாளர்களோடு சண்டை போட, நான் பிழை திருத்த, கும்பகோணத்தில் அச்சு. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் எழுதியிருந்தாரே, கண்ணாடி இல்லாமலே அழ முடிந்தது என்று. அந்தக் கார்டை நீங்கள் பீரோவுக்குள் ஒட்டி வைத்தீர்கள்.

பதிப்பகத்தில் நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கடைசி ப்ரூஃபில் இரண்டு பேரும் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்தோடு எதுவும் அச்சுக்குப் போகாது. ஒருமுறை யாரோ வீட்டுக் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தை மாற்றி அடித்து நான் வாங்கிய வசவு அப்படி. இந்தச் சட்டத்தை உங்கள் கழுத்துக்கே கயிறாக்குவேன் என்று அப்போது நினைக்கவில்லை.

பட்டினச்சேரியிலிருந்து அந்தப் பெரியவர் வந்த மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? வெளுத்த சட்டையும் வேட்டியுமாக, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பெரிய எழுத்தில் புத்தகம் போடுகிறவர்கள் நாம்தானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"எங்கள மாதிரி ஆளுங்க கதை எதுவும் இருக்கா டீச்சரம்மா?"

"எங்கள மாதிரின்னா?" என்று நான்தான் கேட்டேன். புரிந்துகொண்டே கேட்டேன், வெட்கங்கெட்டவள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நானும் ஒருத்தனும் முப்பது வருசம் ஒரே போட்டுல கடலுக்குப் போனோம். ரெண்டு பேருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க உண்டு. ஆனா எனக்கு அவன், அவனுக்கு நான். போயிட்டான். எங்க போயி அழுவுறதுன்னு தெரியல. ஒரு கதை கிதை இருந்தா படிக்கலாமுன்னு."

"எழுதிக்கிட்டிருக்கேங்க," என்றீர்கள். "வந்ததும் முதல் புஸ்தகம் உங்களுக்குத்தான்."

அதுவரை ஒரு பக்கம்கூட நீங்கள் எழுதியிருக்கவில்லை. அவர் போனதும் நோட்டை எடுத்து உட்கார்ந்தீர்கள். நம் கதை, உங்கள் சொந்தப் பெயரில். ஒன்றரை வருஷத்தில் முடித்துவிட்டீர்கள்.

எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் பிரச்சினையே. முதல் ப்ரூஃபிலேயே வியர்த்துவிட்டது. பின்னட்டையில் 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் வேண்டும் என்றீர்கள், நான் 'நட்பு' என்று திருத்தினேன். "நட்பு எனக்கு ரொட்டிக் கடைக்காரரோடயும் இருக்கு செல்வி," என்று அதை அடித்தீர்கள். நான்காம் அத்தியாயத்தில் இரண்டு வாக்கியம் இருந்தது: "எங்கள் வீட்டில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு." அதை நான் அடித்து ஓரத்தில் 'தேவையில்லை' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் அடித்த சொல் திரும்ப வேண்டுமென்றால் அதன் அடியில் புள்ளி புள்ளியாக வைத்து 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். நான் சொல்லித்தந்த குறியை என்மேலேயே பிரயோகித்தீர்கள். இரண்டாம் ப்ரூஃபிலும் அடித்தேன், இருக்கட்டும் என்றீர்கள். மூன்றிலும், நான்கிலும், ஐந்திலும் அதே கதை.

இன்னொரு ப்ரூஃப் பார்த்துவிடலாம், இன்னொரு ப்ரூஃப் பார்த்துவிடலாம் என்று எட்டு மாதம் ஓட்டினேன். பிழைகள் தீர்ந்துபோயின. ஐந்தாம் ப்ரூஃபில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சரியாக இருந்த மூன்று இடங்களைத் தப்பாகத் திருத்தினேன், ஆறாவது ப்ரூஃப் தேவைப்பட வேண்டும் என்பதற்காக. பிழை திருத்துகிறவள் பிழை போட்டேன். இதை இன்றைக்குத்தான் உங்களிடம் சொல்கிறேன். கண்டுபிடித்திருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது, முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்தியவர்.

நீங்களாவது என்னைத் திட்டியிருக்கலாம் டீச்சர். எழுத்தாளர்களை எல்லாம் ஓட ஓட விரட்டியவர், என்னிடம் மட்டும் ஏன் அப்படி ஒரு பொறுமை? நாம் வாழ்வது குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாக டிவியில் வந்த அன்று இனிப்புக் கடையில் தம்ரூட் வாங்கிவந்து என் வாயில் ஊட்டினீர்கள். நான் மென்றுகொண்டே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். அன்றும் நீங்கள் என்னைத் திட்டவில்லை. ஆறாம் ப்ரூஃபில் கட்டில் வாக்கியத்தை அடித்துக் கொடுத்தபோது நீங்கள் புள்ளி வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அச்சிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேசையில் என் பக்கமாகத் தள்ளிவைத்தீர்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியும் நான் கையெழுத்துப் போடவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு உங்கள் வீடு நிறைய ஆட்கள். உங்களைக் குளிப்பாட்டும் அறைக்கு, உங்களுக்குப் பிடித்த அத்தர் குப்பியை எடுத்துக்கொண்டு போனேன். கதவிடுக்கில் ஒரு கை வந்து குப்பியை மட்டும் வாங்கிக்கொண்டது. "வூட்டு ஆளுங்க மட்டும்மா, நீங்க வெளிய இருங்க." உங்களை அடக்கம் செய்த மையத்தாங்கொல்லைக்குப் பெண்கள் யாரும் போவதில்லை, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கென்று தனி அநியாயம் நடக்கவில்லை. உங்கள் மார்க்கத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பா செத்தபோது விழிதியூரில் எங்கள் ஆட்கள் உங்களை வாசலோடு நிறுத்தி, மோர் கொடுத்து அனுப்பியதும் இதே லட்சணம்தான். நான் அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். இரண்டு நாள் வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டேன். கப்பை வாங்கிக்கொண்டே ஒரு அம்மாள் கேட்டார், "நீங்க மாடியில வாடகைக்கு இருக்கவங்களா?" ஆமாம் என்றேன். அந்த ஆமாமை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம்போல இருக்கிறது.

நாற்பதாம் நாள் கழிந்து உங்கள் அண்ணன் மகன் துபாய்க்குத் திரும்புமுன் என்னிடம் வந்தான். நல்ல பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மேசையில் கிடந்த ப்ரூஃபைப் படித்திருந்தான்.

"நீங்க எங்கயும் போவ வேணாம்மா. இது உங்க வூடு மாதிரி. ஆயுசுக்கும் இருங்க. அந்தப் புஸ்தகம் மட்டும் வேணாம். எம்மவளுக்கு மாப்புள பாத்துக்கிட்டிருக்கோம். மாமி பேரு, வாப்பா பேரு எல்லாம் இருக்குல்ல."

வீடு மாதிரியாம்! அந்தச் சுவருக்கு எத்தனை தடவை நான் நின்று சுண்ணாம்பு அடித்திருப்பேன். ஆனாலும் அறுபத்திரண்டு வயதில் எங்கே போவது என்ற யோசனை என் வாயை அடைத்துவிட்டது. பட்டினச்சேரிப் பெரியவர் ஒருநாள் தேடி வந்தார். துக்கம் விசாரித்தவர்களில் என்னிடம் வந்து விசாரித்தது அவர் ஒருவர்தான். "உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "டீச்சரம்மா சொன்ன புஸ்தகம் வருமா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

முந்தாநாள் அந்த எட்டாவது வரியைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அதை எழுதியவர்கள் பாவம், அவர்கள் கையில் வேறு என்ன இருந்தது? நீங்கள் வேறு மாதிரி எழுதிவைத்திருந்ததை எட்டு மாதமும் அதற்கு மேலும் பிடித்துவைத்தது நான். ஆறாம் ப்ரூஃபை எடுத்தேன். கட்டில் வாக்கியத்தின் அடியில் ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி வைத்து, 'இருக்கட்டும்' என்று எழுதினேன். நான் கெடுத்த மூன்று இடங்களைத் தேடிச் சரிசெய்தேன். பின்னட்டையில் நீங்கள் கேட்ட சொல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதைப் போட்டேன். இன்று காலை கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டு, உங்கள் அண்ணன் மகனுக்கு நானே போன் செய்தேன். அவன் வேறு யார் மூலமாகவும் கேள்விப்படக் கூடாது.

"புஸ்தகத்த அச்சுக்கு அனுப்பிட்டேன் தம்பி. வரிச்சிக்குடியில ஒரு போர்ஷன் சொல்லி வச்சிருக்கேன். மாசக் கடைசியில காலி பண்ணிடுறேன்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் விடவில்லை.

"நான் மாடியில வாடகைக்கு இருந்தவ இல்ல. ஒன் மாமியும் நானும் சேர்ந்து வாழ்ந்தோம். ஊர்ல புருஷன் பொண்டாட்டி எப்படி வாழுறாங்களோ அப்படி."

என் ஆயுளில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவன் மெதுவாகச் சொன்னான்.

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"சின்னப் புள்ளயிலேர்ந்து. வாப்பாவுக்கு, உம்மாவுக்கு, எல்லாருக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும். யாரும் சொல்லிக்கிறதில்ல, அவ்வளவுதான். இப்ப புஸ்தகமா வந்துட்டா தெரியாத மாதிரி இருக்க முடியாதுல்லம்மா."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். தெரிந்திருக்கிறது டீச்சர். கதவிடுக்கில் நீண்ட அந்தக் கைக்கும், வாடகைக்கா என்று கேட்ட அம்மாளுக்கும்கூடத் தெரிந்திருக்கலாம். தெரிந்துகொண்டே என்னை டீ போட விட்டிருக்கிறார்கள். வயிறு எரிகிறது. ஒருவர் விடாமல் போய் உலுக்க வேண்டும்போல இருக்கிறது.

ஆனால் அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருக்கிறது. யாருக்குத் தெரியக் கூடாது என்று நான் ஜன்னலைச் சாத்தினேன்? யாருக்குப் பயந்து ஆறு ப்ரூஃப் ஓட்டினேன்? தெருவுக்கே தெரிந்த ஒன்றை நான் சொல்லிக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்குத்தான் நான் சொல்லவில்லை. இனி எந்த வீட்டில் இருந்தாலும் இதை வைத்துக்கொண்டுதான் நான் இருக்க வேண்டும்.

செல்வி