குவெட்டாவில் ஜனவரி

11.10.1998, ஞாயிறு

மழை இல்லை, துணி காய்ந்துவிட்டது. செலஸ்ரீனா பூசைக்குப் போய் வந்து, கோயில் வாசலில் யார் யாரோடு கதைத்தார்கள் என்று மத்தியானம் வரை சொன்னாள். மன்னார்க்காரி. சீசா என்கிற இந்த நகர்ப்பகுதியில் இந்த வீட்டை நாங்கள் சேர்ந்து எடுத்து மூன்று வருடமாகிறது. அவள் கதைக்கிறாள், நான் கேட்கிறேன். அதனால் சண்டை வந்ததில்லை.

பின்னேரம் பீலிக்ஸ் தொலைபேசி எடுத்தான். பல்லரோச் சந்தையில் கடை வைத்திருக்கிறவன். இவரை, என் கணவரை, கொழும்பிலிருந்து கூட்டிவரும் ஏஜென்சிக்கு இங்கே அவன்தான் வாய். "ரீச்சர், ஐயா குவெட்டாவிலை இறங்கீற்றார். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பாலைவனப் பக்கம், நல்ல வெக்கை. குளிர் உடுப்பொண்டும் கொண்டுவர வேண்டாமெண்டு சொன்னவங்கள்."

கடல்மட்டத்துக்கு ஒரு மைல் மேலே, சுற்றிவர மொட்டை மலை. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் புவியியல் படிப்பித்த என்னிடம் வெக்கை என்கிறான்.

நான் வாதிடவில்லை. ஆறு வருடமாகக் காணாத கணவரை முறைப்படி கூப்பிட, சட்டம் கேட்கிற அளவுக்கு எனக்கு வீடும் இல்லை, சம்பளமும் இல்லை. பீலிக்சின் வாயைத்தான் நம்ப வேண்டும். நம்புகிறேனா? இல்லை.

25.10.1998

இவரின் குரல்.

பீலிக்ஸ் முதலே சொல்லிவிட்டான்: இவருக்குப் பக்கத்தில் ஏஜென்சியின் ஆள் நிற்பான், பாதை, ஆட்கள், ஒன்றும் கதைக்கக்கூடாது, கதைத்தால் வெட்டிவிடுவான்.

"சந்திரா?"

"ஓம்."

"சுகமே?"

"ஓம். நீங்கள்?"

அதற்குப் பிறகு எங்களிடம் ஒன்றுமில்லை. சேர்ந்திருந்த காலத்திலும் அதிகம் கதைத்தவர்கள் அல்ல நாங்கள். ஒரு வீட்டுக்குள் அது தெரியாது; தொலைபேசியில் தெரிகிறது. கடைசியில், "அங்கை குளிரே?" என்று கேட்டேன்.

"பகலிலை இல்லை. பொழுதுபட்டால் ஆரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி வருது."

"மழை?"

"வந்தாப் பிறகு ஒரு முகிலும் காணேல்லை."

வெட்டிவிட்டது.

6.12.1998

இப்போது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கதைக்கிறோம். கதைக்க அனுமதியுள்ளது காலநிலை மட்டும்தான், ஆகவே அதையே கதைக்கிறோம். அரசாங்கக் கச்சேரியில் வாழ்நாள் முழுக்கக் கோப்புக் கட்டிய மனிதர், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்கிறவர் — இன்று நிறுத்தவில்லை.

"உம்மடை புத்தகத்திலை உள்ள பாலைவனம் இல்லை இது. மணலும் இல்லை, ஒட்டகமும் இல்லை. பைப்பிலை காலமைத் தண்ணி கட்டி. அதுக்குச் சாக்குச் சுத்திச் சுடுதண்ணி வார்க்கிறம், குழந்தைப்பிள்ளைக்கு வார்க்கிற மாதிரி."

சாரத்தைத் தோய்த்துக் கொடியில் போட்டால் பலகையாக நிற்குமாம். தட்டினால் சத்தம் வருமாம். இருட்டில் கம்பளிப் போர்வையை இழுத்தால் பொறி பறக்குமாம். உதடும் குதிக்காலும் வெடித்து, மூக்கால் இரத்தம். பனி பெய்யாமலே இவ்வளவும். மத்தியானம் முற்றத்துச் சுவரில் முதுகை வைத்து எல்லோரும் வரிசையாக இருப்பார்களாம். வெயில் நகர நகர வரிசையும் நகருமாம். "நெத்தி சுடும், நிழலிலை கிடக்கிற கால் விறைக்கும். ஒரே ஆள் ரெண்டு ஊரிலை இருக்கிற மாதிரி."

செலஸ்ரீனா அறை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். "என்னக்கா, ஏஜென்சிக்காரன்ரை போனிலை புருசனும் பெண்சாதியும் வானிலை அறிக்கையே வாசிக்கிறியள்? ஒருக்கா 'என்ரை ராசா' எண்டாவது சொல்லுங்கோவன்."

"இராஜதுரை எண்டுதானே பேர். அதுக்குள்ளை எல்லாம் இருக்கு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

9.12.1998

சுவரில் மறுபடி பூஞ்சணம். வினாகிரி போட்டுத் துடைத்தேன். இந்த ஊர்க் குளிர் ஈரமாக வந்து எலும்பில் குடியிருக்கிறது.

20.12.1998

பீலிக்ஸ் வீட்டுக்கே வந்தான். ஜனவரி நடுப்பகுதியில் ஒரு கூட்டம் புறப்படுகிறதாம். "விரும்பினால் ஐயா போகலாம். இல்லாட்டி மார்ச்சிலை அடுத்தது. நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவு சொல்லுங்கோ."

நான் வேலை செய்கிற வீட்டில், வீட்டுக்கார அம்மா சின்யோரா வித்தாலேயின் கலைக்களஞ்சியத்தைத் தூசி தட்டும்போது எடுத்துப் பார்த்தேன். குவெட்டாவில் மழையும் பனியும் பெய்வதே குளிர்காலத்தில்தான். ஜனவரி, பெப்ரவரி உச்சம். மார்ச்சில் இளகும். நகரத்தை விட்டு வெளியேற மலைக் கணவாய். ஒரு வேனுக்குள் இவரைப் போன்ற ஐம்பத்துநான்கு வயது மனிதர், குளிர் உடுப்பும் இல்லாமல்.

27.12.1998

"போகட்டோ, நிக்கட்டோ?" என்று கேட்டார். "நீர்தானே படிச்சனீர்."

"நில்லுங்கோ. மார்ச்சிலை போங்கோ."

"சரி."

கலியாணம் முடித்த நாளிலிருந்து என் சொல்லை இப்படி உடனே கேட்டதில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இந்தக் கொப்பியில் அந்தச் சொல்லை எழுதி நாளாகிவிட்டது.

17.1.1999

மற்றவர்கள் போய்விட்டார்கள். இவர் நிற்கிறார்.

31.1.1999

"முகிலே இல்லை" என்றார். "வரிசையிலை இப்ப ரெண்டு பேர்தான். சுவர் முழுக்க எங்களுக்குத்தான்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு நாளாவது பெய்யட்டும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். தன் கணவர் போர்வை போதாமல் கிடக்கிற ஊரில் பனி கொட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் என்ன மனுசி?

21.2.1999

சுரேஸ் வந்தான். ஜனவரிக் கூட்டத்தில் போனவன், முப்பது வயதிருக்கும். எதிர்க்கரையான கலாப்ரியாவில் கப்பலால் இறங்கி, நேற்று ரயிலில் இங்குள்ள பெரிய நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு வந்திருக்கிறான். பீலிக்ஸ்தான் கூட்டிவந்து விட்டுப் போனான். செலஸ்ரீனா சோறு போட்டாள். அவன் நிமிராமல் சாப்பிட்டான்.

"எல்லாரும் வந்திட்டினமே?"

"ஓம் ரீச்சர். ஒருத்தரும் தவறேல்லை."

"கணவாயிலை பனி?"

"எங்கை பனி? கண்ணைக் கூசிற வெயில். அதிலை வேனை நிப்பாட்டித் தேத்தண்ணி குடிச்சனாங்கள். றைவர் பாட்டுப் போட்டவன்." கையைக் கழுவிக்கொண்டு சொன்னான்: "ஐயாவையும் வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிட்டனாங்கள். 'இல்லைத் தம்பி, வீட்டுக்காரி கெட்டிக்காரி, அவ சொன்னால் சரியா இருக்கும்' எண்டார்."

அதை அவன் எனக்குப் பாராட்டாகத்தான் சொன்னான். செலஸ்ரீனா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

காலநிலை வேறு, வானிலை வேறு: இதுதான் நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த முதல் பாடம். ஒன்று பல வருடங்களின் சராசரி. மற்றது இன்றைக்கு வெளியே இருப்பது. இவர் வானிலையை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஞாயிறு ஞாயிறாக. நான் இவருக்குச் சராசரியைச் சொன்னேன். சராசரிக்குள் யாரும் பயணம் போவதில்லை.

14.3.1999

பீலிக்ஸ்: "செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டிட்டினம் ரீச்சர்."

18.3.1999

தெருமுனையில் பழைய கதிரைகளையும் கதவுகளையும் குவித்து எரிக்கிறார்கள். நாளை சூசையப்பர் திருநாள். செலஸ்ரீனா இவருக்காக நேர்த்தி வைத்திருக்கிறாளாம். எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை என்றேன்.

"உங்களுக்காக ஆர் வைச்சது? அண்ணைக்கெல்லே" என்றாள்.

செய்தி இல்லை.

28.3.1999

பீலிக்ஸ் வந்தான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. அவன் நின்றதிலேயே தெரிந்தது.

புறப்பட்ட அன்று இரவு பனி கொட்டியிருக்கிறது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பெய்யாதது. வேன் கணவாயில் புதைந்து, இரண்டு இரவு. சாரதி இறங்கி நடந்தவன் திரும்பி வரவில்லை. பிறகு பொலிஸ் வந்து எல்லோரையும் ஏற்றிப் போயிருக்கிறது.

"உயிருக்கு ஒண்டும் இல்லை ரீச்சர். காலிலைதான் கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டால்?"

"தெரியேல்லை ரீச்சர். ஆசுப்பத்திரியிலை வைச்சிருக்கிறாங்களாம். பிறகு கொழும்புக்கு ஏத்துவாங்கள் போலை."

மார்ச் எண்டு சொன்னது நான். ஏஜென்சிக்காரன் சொல்லேல்லை, பீலிக்ஸ் சொல்லேல்லை. நான். ஏன் சொன்னனான்? தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே. எனக்குத் தெரியாது, நான் அந்த ஊரைக் கண்டதில்லை, உங்களுக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யுங்கோ — இவ்வளவுதானே. அது வாயிலை வரேல்லை. படிச்சனீர் எண்டு கேட்டவுடனை—

வேலைக்குப் போனேன். சின்யோரா வித்தாலே, முகம் சரியில்லை என்றார். காய்ச்சல் என்றேன்.

16.5.1999

கொழும்பிலிருந்து இவர். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்திருக்கிறார். வலது காலில் இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். நடக்கிறாராம், செருப்புத்தான் நிற்குதில்லையாம்.

"பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. இனி என்னவும் கதைக்கலாம்" என்றார்.

"நான்தான் உங்களை நிக்கச் சொன்னது."

"விடும். நீர் பிழையாச் சொல்லேல்லை. அது பிழையா வந்தது." பிறகு, "நான் இனித் திரும்ப வெளிக்கிட மாட்டன் சந்திரா. என்னாலை ஏலாது."

"அப்ப நான் வாறன்."

"இஞ்சை வந்து?"

அந்த லொட்ஜ் அறைக்கு இனி என் சம்பளத்திலிருந்துதான் வாடகை போக வேண்டும். அது இருவருக்கும் தெரியும். எதையும் கதைக்கலாம் என்றிருந்தும் இரண்டு பேரும் கதைக்கவில்லை. வைக்கும்போது, "சாப்பிடும்" என்றார். "ஓம், நீங்களும்" என்றேன்.

6.6.1999, ஞாயிறு

சின்யோரா வித்தாலே விழுந்து எழும்பியதிலிருந்து தனியே இருக்கப் பயப்படுகிறார். அவர் வீட்டோடு தங்கி வேலை செய்ய ஒப்புக்கொண்டேன். ஞாயிறு பின்னேரம் மட்டும் விடுமுறை.

செலஸ்ரீனாவிடம் காலையில் சொன்னேன். "உங்களுக்கென்ன விசரே அக்கா? குடும்பம் வர இருக்கிற ஆராவது உந்த வேலைக்குப் போவினமே? உது தனிப்பொம்பிளையளின்ரை—" என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். பிறகு என் பாத்திரங்களைத் தனியாகப் பிரித்துக் கடதாசியில் சுற்றத் தொடங்கினாள். அவளின் சட்டி ஒன்றையும் சேர்த்துச் சுற்றினாள். கண்டும் காணாததுபோல் விட்டேன்.

பின்னேரம் போய் அறையைப் பார்த்தேன். அடுப்படிக்குப் பின்னால், ஒரு யன்னல், ஒரு அலமாரி. சுவரோடு ஒடுக்கமான கட்டில். கட்டில் சிறிதென்றால் மகனிடம் சொல்லிப் பெரியது ஒன்று வாங்கித் தருகிறேன், உன் கணவர் எப்போதாவது வந்தால் உதவும் என்றார் சின்யோரா.

வேண்டாம், இது எனக்குக் காணும் என்றேன்.