வரப்பில் போய்த் திட்டிவிட்டு வா

அக்கா,

காலையில் உப்பளப் பாத்திகளில் புதுத் தண்ணீர் கட்டினார்கள். அந்தச் சேற்று வாடை வீட்டுக்குள் வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போன பிறகு வருகிற முதல் உப்புக் காலம் இது.

என் வீட்டுக்காரருக்கு மறதி நோய் முற்றிய வருஷம் நினைவிருக்கிறதா? தட்டு நிறையச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாசலில் போய் நிற்பார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், இந்தம்மா எனக்குச் சோறே போடுவதில்லை என்பார். தெரு நம்பியது. எனக்கு உடம்பெல்லாம் எரியும். எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று, அம்மா வீட்டுக்குக் கிளம்பத் துணியைப் பையில் அடுக்கிவிட்டேன்.

அன்றைக்குத்தான் நீ வந்தாய். பையைப் பார்த்தாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இவர நான் பாத்துக்கிறேன். நீ உப்பளத்து வரப்புக்குப் போ. சாயங்காலத்துல அங்க ஈ காக்கா இருக்காது. வாய் வலிக்கிற மட்டும் இவரத் திட்டிட்டு வா" என்றாய்.

நோயாளியைத் திட்டலாமா என்று கேட்டேன்.

"அவர் காதுல விழாம திட்டு. உள்ளயே வச்சிருந்தா ஒரு நாள் அவர் மேலதான் பாயும்."

உன் மாமியாருக்கு இதே நோய் வந்தபோது, பார்த்துக்கொள்கிறவர்களும் மூச்சு விட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் கொடுத்த அம்மா சொன்னாராம். வரப்பு மட்டும் உன் சொந்தச் சரக்கு.

போனேன். முதலில் வாயே வரவில்லை. பிறகு வந்தது பார், உனக்கே தெரியாத வார்த்தையெல்லாம்! கல்யாணத்தில் ஆரம்பித்துத் திட்டினேன், அழுதேன். திரும்பி வந்தபோது அவர், யாரும்மா நீ, சோறு போடுவியா என்றார். போடுறேன், வாங்க என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. பையைப் பிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ சாயங்காலம் தவறாமல் வந்து உட்கார்ந்தாய்.

இப்போது அவருக்கு என்னை யாரென்று சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் வேளைக்குச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், நானும் தூங்குகிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் தன் அப்பாவை வைத்துக்கொண்டு இப்படித்தான் திண்டாடினாள். அவளையும் வரப்புக்கு அனுப்பினேன். ஒரு நாள் அவள் போகிறாள், மறுநாள் நான். வீட்டில் இருக்கிறவள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிறாள்.

நேற்று அவள் கேட்டாள், இன்னுமா மாமாவைத் திட்டுகிறீர்கள் என்று.

அவரைத் திட்டி ரொம்ப நாளாகிறது, அக்கா. வரப்புக்குப் போனால் இப்போது உன்னைத்தான் திட்டுகிறேன். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே, உன்னைப் பார்த்துக்கொள்ள நான் இல்லையா?