வெள்ளையை வேண்டாமென்றவருக்கு

அன்புள்ள மச்சான்,

மாடிக் கொடியில் காயப்போட்ட பனியனை எடுக்க மறந்துவிட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். சுவரே மங்கிப்போயிருந்தது, பனியன் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. உங்கள் நினைப்பு வந்துவிட்டது. உங்கள் தங்கையிடம் சொன்னேன். "எங்கண்ணனை நெனைக்க உங்களுக்கு ஒரு பனியன் போதுமுங்களா?" என்று சிரித்தாள். போதும்தான்.

வங்கதேச விடுதலைப் போர் நடந்த வருஷம். நீங்களும் நானும் கூட்டாகப் பனியன் கம்பெனி வைத்துக் கால் ஊன்றிக்கொண்டிருந்தோம். நம்மிடம் வழக்கமாகச் சரக்கெடுக்கும் கல்கத்தா வியாபாரி, எல்லைக்கு அப்பால் போராடும் பையன்களுக்குப் பனியன் வேண்டும், உடனே அனுப்புங்கள் என்று தந்தி கொடுத்தார். உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. திருப்பூர்க்காரனுக்குப் பெருமை என்றால் வெள்ளைதானே? சலவைப் பட்டறையிலேயே நின்று, "இன்னுங் கொஞ்சம் நீலம் போடுங்க, நாட்டுக்காகச் சண்டை போடற பசங்க போடறதுங்க" என்று விரட்டினீர்கள். கொக்கு கூசும் வெள்ளை.

மறுநாள் ரயிலில் ஏற்ற வேண்டும். பார்சல்கள் கட்டியாகிவிட்டன. புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மங்கல் பொழுதில் சோளக்காட்டு வழியாகக் கம்பெனிக்கு வந்தேன். வாசலில் நின்ற நீங்கள் தூரத்திலேயே, "வாங்க மாப்ளை" என்றீர்கள்.

"இந்த இருட்டுல எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"மூஞ்சி எங்கீங்க தெரிஞ்சுது? பனியன்தானுங்க தெரிஞ்சுது" என்று சிரித்த நீங்கள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினீர்கள். பிறகு மெதுவாக, "துப்பாக்கி வெச்சிருக்கறவனுக்கும் இப்படித்தானுங்களே தெரியும்" என்றீர்கள்.

நான் சண்டைக்கு வந்தேன். கல்கத்தாக்காரர் எதிர்பார்ப்பது வெள்ளை, தாமதித்தால் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார், பையன்கள் வெற்றுடம்போடு நனைகிறார்கள் என்றேன். "அவரு கடைக்காரருங்க மாப்ளை. கடைக்கு எது வேணும்னு அவருக்குத் தெரியும். போட்டுக்கிட்டுக் காட்டுல ஊர்ந்து போறவனுக்கு எது வேணும்னு நாமதான் ரோசிக்கோணும்." கட்டிய பார்சலை உங்கள் கையாலேயே அறுத்தீர்கள்.

அவசரத்தில் எந்தச் சாயப்பட்டறை கிடைக்கும்? கம்பெனிக்குப் பின்னால் அண்டா வைத்து நாமே பச்சை ஏற்றினோம். சாயம் சமமாகப் பிடிக்கவில்லை. ஓரிடத்தில் கரும்பச்சை, ஓரிடத்தில் சாணி நிறம், திட்டுத் திட்டாக. ஒரு புள்ளிக் கறை இருந்தாலும் பீஸைத் தூக்கி எறிகிற மனிதர் நீங்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்களோ ஒன்றை விரித்துப் பார்த்து, "காடு மட்டும் என்னங்க, ஒரே நிறமாவா இருக்குது?" என்றீர்கள்.

அடுத்து வந்த கல்யாணத்தில், பச்சை போகாத கையோடு பந்தியில் உட்கார்ந்தீர்கள். "என்னங்க, மாப்பிள்ளைக்கு வெச்ச மருதாணியை நீங்க வெச்சுக்கிட்டீங்களா?" என்று சொந்தக்காரர்கள் ஓட்டினார்கள். நீங்கள் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தீர்கள். கல்கத்தாவிலிருந்து முதலில் வந்தது வசவு. பிறகு ஒரு தந்தி: அதே அழுக்கு நிறம், இன்னும் வேண்டும். அன்றைக்கு உங்கள் கூட்டாளி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த பெருமை, இன்றைக்கும் ஒரு பிடி குறையவில்லை.

போன வாரம் என் மகன், உங்கள் மருமகன், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். நம்மிடம் வரவேண்டிய ஆர்டர் கைநழுவிவிட்டதாம்.

"பங்களாதேஷ்காரங்க கொண்டுபோயிட்டாங்கப்பா."

வியாபாரி மாதிரி வருத்தப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. நாம் அனுப்பிய பச்சையைப் போட்டுக்கொண்டு உயிரோடு ஊர் திரும்பியவன் ஒருவனாவது இருப்பான். அவன் பேத்தி அங்கே மெஷினில் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது.

"நல்லாத் தைக்கறாங்களா கண்ணு?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லாத் தைக்கறாங்கப்பா" என்றான் கடுப்போடு.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது மச்சான்.