பர்மா எந்தப் பக்கம் என்று கேட்பேன்

என் உயிருக்கு உயிரான ஹலீமா அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் அல்லா உன்னை நிழலில் வைத்திருப்பான் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன் அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்ல இந்த லப்பைக்குடிக்காட்டில் எனக்கு வேறு ஆள் கிடையாது. இதை யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும், போ.

என் வீட்டுக்காரர் நாடு பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிக்காதே. ஊரில் எல்லோரும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள், இவர் கடைசிக் காலத்துக்கு நாடு பார்க்கிறார். எங்கே போனால் இரண்டு கிழங்கள் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு கஞ்சி குடிக்கலாம் என்று சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் இதே பேச்சு.

சொந்த ஊர் இருக்கும்போது எதற்கு இன்னொரு நாடு என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். சொந்த ஊரில்தான் அக்கா கட்டுப்படியாகவில்லை.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஆம்பிளைகள் மீசை முளைக்கும் முன்பே சபர் என்று கடல் தாண்டிப் போவார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை வந்து முகம் காட்டுவார்கள். நாம் இங்கே காத்துக் கிடப்போம். இவரும் பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையிலேயே ஆயுசைக் கழித்தார். யுத்தத்தில் கடை எரிந்துபோனது. சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு, யுத்தம் முடிந்ததும் அடுப்பு மூட்டத்தான் ஆனது. முதல் கப்பலிலேயே திரும்பி வந்துவிட்டார், ஒரேயடியாக.

ஒரேயடியாக என்பதை மட்டும் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. வந்த மறுநாளே சொந்தக்காரர்கள் எல்லாம் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள், பெட்டி திறக்க வேண்டுமல்லவா. சபர் போய் வந்தவன் பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்று எடுத்துக் கொடுக்காவிட்டால் அவன் வந்ததாகவே கணக்கில்லையே. இவர் கைக்கடிகாரத்தை விற்று வழியில் வாங்கி வந்த கைலியும் அத்தரும் சோப்பும் டார்ச் லைட்டும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் நின்ற ஒருத்திக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல், தன் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து நீட்டினார். "மாமாவுக்குக் கை தாராளம்!" என்று அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து அவர் பெரிய பணக்காரர் ஆகிவிட்டார். கல்யாணமா, சுன்னத்தா, பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பா, "பினாங்குக்காரரு பேருல என்ன எழுதலாம்?" என்று வந்து நிற்கிறார்கள். இல்லை என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. என் வாயில் வந்தாலும் அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விடும். என் காதும் கழுத்தும் இப்போது எப்படி இருக்கிறது என்று நீ பார்க்காமல் இருப்பதே நல்லது. தெருவில் போனால் "எப்ப சபரு?" என்றுதான் சலாமுக்கு அடுத்த பேச்சு. லீவில் வந்திருக்கிறார் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் நாடு பார்க்கிறார். கொழும்பு பக்கம்தான், ஆனால் சுதந்திரம் வந்த பிறகு அங்கே நம் ஆட்களிடம் காகிதம் கேட்கிறார்களாம். வயசான காலத்தில் எழுந்து போ என்றால் எங்கே போவது? சைகோனில் வாடகை கொள்ளை மலிவு, ஆனால் சண்டை ஓயவில்லை. நான் மக்கா என்றேன். போனாலும் போகிறோம், அந்த மண்ணில் போய் விழலாமே என்றேன். கப்பல் கூலிக்கே நம்மால் ஆகாது என்று தலையைக் குனிந்துகொண்டார். ஒருநாள் பேச்சுவாக்கில் "ரங்..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

நம் தெருவிலேயே முதலில் கடல் தாண்டிய பொம்பிளை நீதான். ரங்கூனுக்குப் புறப்பட்ட அன்று அரியலூர் ஸ்டேஷனில் வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டி, "அழுவாதடி, நான் போயி எல்லாம் பாத்து வக்கிறேன், நீ பின்னாடியே வா" என்று சொன்னாய். அம்மா அழுதாள், நான் உன்மேல் பொறாமைப்பட்டேன்.

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. எல்லோரும் நடந்து வந்தார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு போன மச்சான் தனியாக வந்தார். காய்ச்சல் என்றார், மூங்கில் காடு என்றார். சாப்பிடுகிற தட்டால் மண்ணைத் தோண்டி, உடுத்தியிருந்த சேலையிலேயே சுற்றி வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். எந்த இடம் என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா மவுத்தாகிக் கண்ணை மூடும் வரை பர்மாவிலிருந்து வந்தவர் யாரைக் கண்டாலும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உன் வாயில் யாராவது தண்ணீர் விட்டார்களா அக்கா? என்னைக் கூப்பிட்டாயா?

எனக்கு மவுத்தைப் பற்றிப் பயமில்லை. அது எங்கே இருந்தாலும் வரும். எனக்கென்று ஒரு குழி, ஒரு கபர் இருக்குமா, அது என்னுடையது என்று யாருக்காவது தெரியுமா என்பதுதான் பயம். கப்பலில் உயிர் போய்விட்டால் கடலிலேயே இறக்கிவிடுவார்களாமே, அது மெய்யா? பிள்ளை குட்டியும் இல்லாத நான் அந்தத் தண்ணீருக்குள் எங்கே போய்க் கிடப்பேன்?

கடைசியில் பினாங்கு என்று முடிவானது. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, வாடகை பேருக்குத்தான் என்று பழைய கூட்டாளி ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவர் முன்பு அங்கே இருந்தவர் என்பதால் இப்போது போனால் விடுவார்களாம், இனி வரவர கெடுபிடி கூடுமாம். நான் கத்திவிட்டேன். "நீங்க போங்க, நான் வரல. இத்தன காலமும் தனியாத்தானே இருந்தீங்க?" என்று கேட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறு போட்டேன். அந்த நேரம் பார்த்துக் கல்யாணத்துக்குச் சொல்ல ஒருத்தி வந்தாள், அந்தக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனவளேதான். "எப்ப மாமா சபரு?" என்றாள். "கப்பலு வரட்டும்மா" என்று சிரித்தார். அவள் போனதும் பார்த்தேன், சோறு அப்படியே இருந்தது.

"ஏன், உப்பு இல்லியா?"

"புள்ள, எனக்கு இந்த ஊருல பயமா இருக்கு."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"தெருவுல சலாம் சொல்றாங்க, யாரு வூட்டுப் புள்ளன்னே தெரியல. பினாங்குல கண்ண மூடிக்கிட்டு நடப்பேன். அங்க நான் மவுத்தானா, மண்ணு தள்ள என் கூட்டாளிங்க இருக்காங்க. இங்க மையத்தத் தூக்க வாரவுங்க எல்லாம் என் பெட்டியப் பாத்தவுங்க. என்னைய யாரு பாத்தா?"

அக்கா, பயப்படுவது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் உப்பு ஜாடி எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது. எனக்குக் கடல் எப்படியோ அவருக்கு இந்த ஊர் அப்படி. வருகிற போதெல்லாம் விருந்தாளியாகவே வைத்து அனுப்பியிருக்கிறோம்.

"நான் வாரேன்" என்றேன்.

"என்ன சொன்ன?"

"காது கேக்கலியா? வாரேன்னேன். சோத்தத் தின்னுங்க."

தின்றார்.

பெட்டி கட்டிவிட்டேன். எப்போதும் நிறைந்து வந்து காலியாகத் திரும்புகிற பெட்டி, முதல் தடவையாக இங்கிருந்து நிறைந்து போகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் எங்கள் இருவருக்கும் மையத்தைச் சுற்றுகிற கபன் துணி வைத்திருக்கிறேன். துணிக்குக் கன்ட்ரோல் என்று அளந்து கொடுத்த காலத்தில் அலைந்து வாங்கிப் பத்திரப்படுத்தியது. நான் எங்கே விழுந்தாலும் உடுத்திய சேலையோடு போக மாட்டேன், அந்த மட்டும் ஒரு தைரியம். அதன்மேல் மிளகாய் வற்றல், புளி, என் தஸ்பீஹ் மணி.

இனி பஸ் ஏறி அரியலூர் போக வேண்டும், நீ போன அதே ஸ்டேஷன். அங்கிருந்து திருச்சி, பிறகு நாகப்பட்டினம், பிறகு ஒரே தண்ணீர். என் பயம் தெளியட்டும் என்று இவர் கப்பலைப் பற்றி ஏதேதோ சொன்னார். மேல்தளத்தில் காற்று வாங்கலாம், சமையலுக்கு நம்ம ஆளே இருப்பான் என்றெல்லாம். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், "போற வழியில பர்மா எந்தப் பக்கம்?"

"வடக்கால. இடது கைப் பக்கம். கண்ணுக்குத் தெரியாது புள்ள."

தெரிய வேண்டாம். எவ்வளவு வாந்தி எடுத்தாலும், நடுக்கடலில் ஒருநாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மேலே ஏறுவேன். அந்த இடத்தில் நிற்கிற யாரையாவது இன்னொரு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டு, இடது பக்கம் திரும்பி, உனக்காக இரண்டு கையையும் ஏந்தி, தெரிந்ததெல்லாம் ஓதுவேன். இது சத்தியம். அம்மாவால் முடியவில்லை, உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்த மச்சானாலும் திரும்பிப் போக முடியவில்லை. அதற்குப் பிறகு நம் வீட்டில் உன் கபருக்கு அவ்வளவு கிட்டே வருகிற முதல் ஆள் நான்தான். பயந்துகொண்டேதான் வருவேன், ஆனால் வருவேன்.

"பின்னாடியே வா" என்று சொல்லி நீ விட்டுவிட்டுப் போன உன் தங்கச்சி,
ஆமினா