சோடா போடாத சிவப்பு

புதன், இரவு

இன்னும் கோபம் ஆறவில்லை. எங்கள் பட்டறையில் சாயம் போட்ட சிவப்புப் பருத்திச் சேலையை மல்லாங்கிணற்று அக்கா ஒருவர் திரும்பக் கொண்டுவந்தார். ஒரே அலசலில் மகளின் வெள்ளைச் சீருடையெல்லாம் சிவப்பாகிவிட்டதாம்.

"உங்க ஊரு உப்புத் தண்ணி அப்படிம்மா" என்றார் முதலாளி.

உப்பு சாயத்தை நூலுக்குள் தள்ளும். சலவைச் சோடாதான் அதை நூலோடு பிணைக்கும். அதற்கு ஊற நேரம் வேண்டும். அவசர லோடு என்று சோடாவே வேண்டாம் என்றவர் அவர்தான்.

"தண்ணி மேல பழி போடாதீக. நாமதான் சோடா போடல" என்று அக்கா முன்னாலேயே சொன்னேன்.

"நாளைக்கு வேலைக்கு வராத."

சாயங்காலம் அவரே போன் செய்தார். "கோவத்துல சொல்லிட்டேன், வந்துரு."

"அந்த அக்காவுக்குப் புதுச் சேலை குடுங்க, வாரேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டார். வைக்கட்டும்.