சிறகில்லாத விமானத்துக்குக் குங்குமம்

நாகல் நகர்,
திண்டுக்கல்.

அன்பு மகள் சௌந்தர்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எங்கள் சண்டையும் நலம், அங்கே உன் உடம்பும் கோபமும் எப்படி இருக்கின்றன என்று எழுது. மால்டாவில் உன்னிடமிருந்து திரும்பிப் பதினாறு நாளாகிறது, ஒரு தடவைகூட நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம், இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

கடைசி நாள் காட்டினாயே, அந்தப் போர் மியூசியம், அதைப் பற்றிப் பேசிப் பேசி இங்கே எனக்கு வாய் வலிக்கிறது. வெடிமருந்து வைத்திருந்த பழைய கோட்டையில் ஆர்வலர்கள் சங்கம் வைத்துச் சேர்த்த சாமானாமே, என்ன அக்கறை! உலகப் போரில் குண்டுமழையையும் பட்டினியையும் தாங்கியதற்காகத் தீவு முழுவதற்கும் சேர்த்து இங்கிலாந்து ராஜா ஒரே பதக்கம் கொடுத்தார் என்றதை மாடிவீட்டு மாலதி நம்பவில்லை. எப்படி நம்புவாள்? நம் தெருவில் எட்டு வீடு ஒரு குழாயைப் பங்கிட முடியாமல் போலீஸ் வரை போனோமே, அந்தப் புகாரில் முதல் கையெழுத்தே என்னுடையதுதானே.

இனி அங்கே நின்ற அந்தப் போர் விமானம். இறக்கையில்லாமல் நின்றாலும் இத்தனை சனத்தைக் காத்தது என்று நீ சொன்னதும் என் கை சும்மா இருக்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டர் முதல் கிரைண்டர் வரை பொட்டு வைத்துப் பழகிய கை. விமானம் எட்டவில்லை, முன்னால் கயிறு கட்டிய கம்பத்தில்தான் குங்குமம் வைத்தேன். காவலாளி வந்து என்னைப் பற்றிக் கேட்டதும், எனக்குத் தெரியாது, யாரோ டூரிஸ்ட் என்றாய். அம்புட்டு இங்கிலீஷ் எனக்கும் தெரியும் தாயி. வருத்தமில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். "அவளுக்குக் கோவம் இல்லடி, ஒன் மொகத்தப் பாக்க வெக்கப்படுறா" என்கிறார் அப்பா.

நீ வெளியே ஓடிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அந்தக் காவலாளி பொட்டைத் துடைத்துவிட்டு, விமானத்தைக் காட்டி, உங்கள் சாமியா என்று கேட்டார். "நோ சார், தேங்க்ஸ்" என்றேன், சாமியில்லை, அதற்கு நன்றி சொன்னேன் என்ற அர்த்தத்தில். அவரும் விமானத்தைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் வாசலில் முதுகைக் காட்டி நின்ற உன்னைக் காட்டி, மகளா என்றார். தெரியாது, யாரோ டூரிஸ்ட் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. எஸ் என்றுதான் சொன்னேன்.

நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இரு. பருப்புப்பொடி டப்பாவில் ஈரக்கரண்டி போடாதே. என்னைத் திட்டுவதற்காகவாவது போனை எடு.

உன் அம்மா,
ஜோதிமணி